வேலை வீட்டுக்குள் வழிகிறதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

டீமில் எல்லாரும் களைத்துப் போயிருக்கிறார்கள், வேலை வீட்டு நேரத்தைத் தின்கிறது என்பது தெரிகிறது. ஆனால் பழுது எங்கே என்று பிடிபடவில்லை. வழக்கமாக என்ன நடக்கும்? ஹெச்.ஆரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். சுவரில் ஒரு வாசகம் ஏறும். ஒரே மாதத்தில் எல்லாம் பழையபடி ஓடும். அந்தச் சுற்றறிக்கை எந்தக் குறிப்பிட்ட கோளாறையும் பார்த்து எழுதப்பட்டதல்ல என்பதுதான் காரணம்.

ஓர் அலுவலகத்தின் பழக்கம் விதிப் புத்தகத்தில் இருப்பதில்லை. அந்த விதியை முதன்முதலில் பயன்படுத்தியவருக்கு என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று அறிவித்த மறுநாள், முதல் ஆளாகக் கிளம்பியவரைப் பார்த்து யாராவது "என்ன, இன்னைக்கு அரை நாளா?" என்று கேட்டால் அறிவிப்பு அந்த நொடியே செத்தது. கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் இந்த இடத்தைத்தான் தேடப் போகிறோம்.

இது டீம் லீடர், மேனேஜர், சிறு நிறுவனத்தை நடத்துபவர் ஆகியோருக்கானது. உங்களிடம் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை.

## தொடங்கும் முன்

கருத்துக்கணிப்பை நான் முதலில் எடுக்க மாட்டேன். "உங்கள் வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை இருக்கிறதா?" என்று சம்பளம் தருகிறவர் கேட்டால், பெரும்பாலானோர் 5-க்கு 4 போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பொய் சொல்லத் தெரியாத தடயங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே கிடக்கின்றன. கடந்த ஒரு மாதத்தில் வேலை நேரத்துக்கு வெளியே எத்தனை செய்திகள் போயின, ஆண்டு முடிவில் எவ்வளவு லீவு மிஞ்சுகிறது, காலண்டரில் மீட்டிங் இல்லாத நேரம் எவ்வளவு, கடைசியாக வேலையை விட்டவர்கள் போகும்போது என்ன சொன்னார்கள். இந்த நான்கும் போதும்.

டீம் அளவில் மட்டும் பாருங்கள். ஆள் பெயர் வேண்டாம், செய்தியைத் திறந்து படிக்கவும் வேண்டாம். அனுப்பிய நேரம் மட்டும் தெரிந்தால் போதும். இல்லையென்றால் சமநிலைக்கு என்று தொடங்கியது வேவு பார்ப்பதில் போய் நிற்கும்.

அப்புறம் இரண்டு கேள்விகள். இது வருஷம் முழுக்க இருக்கிறதா, கணக்கு முடிப்பு மாதிரி ஒரு சீசனில் மட்டும் வருகிறதா? எல்லாருக்குமா, ஓரிருவருக்கு மட்டுமா? சீசனில் மட்டும் என்றால் அந்தச் சீசனுக்கு ஆள் சேர்ப்பது, முடிந்ததும் ஈடுவிடுப்பு தருவது என்ற அளவில் தீர்ந்துவிடும். ஒருவருக்கு மட்டும் என்றால் வேலைப் பங்கீட்டில் கோளாறு. எல்லாருக்கும், எப்போதும் என்றால்தான் தொடர்ந்து படிக்க வேண்டும்.

## அறிகுறி: ராத்திரி பத்தரைக்கும் வேலைச் செய்தி வருகிறது

முதலில் பார்க்க வேண்டியது, யார் தொடங்குகிறார்கள் என்பதை. பதில் போடுகிறவர்களை விட்டுவிடுங்கள், முதல் செய்தி யாருடையது? பல டீம்களில் அது மேலே இருப்பவருடையதாகவே இருக்கும். இப்படி ஒரு செய்தி:

"அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது பாருங்க. அந்த மூணாவது பக்க எண் சரியான்னு ஒரு சந்தேகம்."

அனுப்பியவருக்கு நல்ல மனசுதான். மறந்துபோகும் முன் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பெற்றவருக்கோ 10:40-க்குத் திரை ஒளிர்கிறது, மேலதிகாரியின் பெயர் தெரிகிறது, "சந்தேகம்" என்ற சொல் கண்ணில் படுகிறது. "அவசரமில்லை" என்ற பகுதி அவர் கணக்கிலேயே வராது. லேப்டாப்பைத் திறந்து மூன்றாவது பக்கத்தைப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது, பதில் போடுகிறார். அந்தப் பதிலை மற்ற நான்கு பேரும் பார்க்கிறார்கள். பத்தே முக்கால் மணிக்கும் ஆள் கிடைக்கும் என்பது அந்தக் குரூப்பின் எழுதாத விதியாகிவிட்டது.

இதற்கு மருந்து, "ராத்திரி செய்தி அனுப்பாதீர்கள்" என்ற உபதேசம் அல்ல. மின்னஞ்சலிலும் அலுவலகச் சாட் செயலிகள் பலவற்றிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. எழுதுவது எப்போது வேண்டுமானாலும் இருக்கட்டும், போய்ச் சேர்வது காலை ஒன்பதுக்கு இருக்கட்டும். மேலே இருப்பவர்கள் இதை ஒரு மாதம் விடாமல் செய்தாலே பாதிச் சத்தம் அடங்கும்.

மீதிப் பாதிக்கு, அவசரம் என்றால் எது என்று டீமாக உட்கார்ந்து எழுத வேண்டும். வாடிக்கையாளருக்கான சேவை நின்றுபோனது, பணம் தவறான இடத்துக்குப் போகிறது, யாருக்காவது ஆபத்து. இப்படி மூன்று நான்கு வரி போதும். அவை நடந்தால் போன் அழைப்பு, மற்ற எல்லாம் செய்தி. அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும், செய்தி வந்தால் மறுநாள் பார்க்கலாம். வழி இரண்டாகப் பிரிந்த பிறகு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் வேலை இல்லை.

நாடுகள் இதைச் சட்டமாகவும் ஆக்கியிருக்கின்றன. பிரான்ஸில் 2017 முதல், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றித் தொழிலாளர் தரப்புடன் பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த சட்டம், வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்புக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது, அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாத வரை. போர்ச்சுகல் 2021-இல் பாரத்தை மறுபக்கம் வைத்தது: தவிர்க்க முடியாத சூழல் தவிர, ஊழியரின் ஓய்வு நேரத்தில் தொடர்புகொள்ளாமல் இருக்க வேண்டியது முதலாளியின் கடமை. உங்கள் அலுவலக விதியை எழுதும்போது போர்ச்சுகல் வழியைப் பின்பற்றுங்கள். "நீங்கள் பதில் சொல்லாமல் இருக்கலாம்" என்று கீழே இருப்பவரிடம் சொல்வது, மறுக்கும் சங்கடத்தையும் அவர் தலையிலேயே கட்டுவது.

## அறிகுறி: வேலை முடிந்தும் யாரும் எழுவதில்லை

இதைச் சோதிப்பது எளிது. மேனேஜர் லீவில் இருக்கும் நாளில் எத்தனை மணிக்கு இடம் காலியாகிறது என்று பாருங்கள். அன்று மட்டும் சீக்கிரம் காலியானால் பிரச்சினை வேலையளவில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

நீங்கள் கிளம்பும்போது எல்லாருக்கும் தெரியும்படி, சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பின்வாசல் வழியாக நழுவினால் பயனில்லை. அடுத்து, பாராட்டுகளை எடுத்துப் பாருங்கள். "ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார், கைதட்டுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போனால், பத்து சுற்றறிக்கைகளை அது அழித்துவிடும். அவருக்கு நன்றி சொல்லுங்கள், தனியாக. பொதுவில் கேட்க வேண்டியது, இரண்டு மணி வரை உட்கார வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதைத்தான்.

## அறிகுறி: உண்மையாகவே வேலை தலைக்கு மேல் இருக்கிறது

பெரும்பாலும் பழுது இங்கேதான். இதைத் தொடாமல் மற்றதைச் சரிசெய்தால் வேலை வேறு வழியில் கசியும். ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் நிறுவனம் 2011-இல், ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஷிப்ட் முடிந்து அரை மணிக்குப் பிறகு கைப்பேசிக்கு மின்னஞ்சல் போகாதபடி சர்வரிலேயே நிறுத்தியது. துணிச்சலான முடிவு. ஆனால் தட்டில் உள்ள வேலை குறையாத இடத்தில் இப்படிக் குழாயை மட்டும் மூடினால், அதே வேலை மறுநாள் காலை ஏழு மணிக்குக் காத்திருக்கும்.

ஆட்களின் நேரத்தை 100 சதவீதம் நிரப்புவது திறமை என்று பலர் நினைக்கிறார்கள். காத்திருப்பு வரிசைக் கணிதம் வேறு மாதிரி சொல்கிறது. வேலை ஒழுங்கில்லாத இடைவெளியில் வருகிறது, முடிக்க ஆகும் நேரமும் முன்பின்னாக இருக்கிறது, பார்ப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நேரம் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் ஒரு மணி நேர வேலை சராசரியாக 4 மணி நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மணி நேரம். 95 என்றால் 19. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுக்கப் போய்க் காத்திருப்பு இரு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்தக் காத்திருப்புதான் "எங்கே ஆச்சு?" என்ற போனாகவும், சனிக்கிழமை வேலையாகவும் மாறுகிறது.

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்றும் இங்கே உதவும். கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்று கிடைக்கும். வாரம் 5 முடிக்கும் டீம் கையில் 20 இருந்தால் 4 வாரம். 10 மட்டும் வைத்துக்கொண்டால் 2 வாரம். யாரும் வேகமாக ஓடவில்லை, கையில் எடுத்ததைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது. டீம் இப்போது கையில் வைத்திருக்கும் எல்லா வேலையையும் ஒரே பட்டியலில் கொண்டுவாருங்கள். யாரோ வராண்டாவில் நிறுத்தி "இதையும் ஒரு எட்டுப் பாத்துடுங்க" என்று கொடுத்தது, மாதாந்திர அறிக்கை, புது ஆளுக்குப் பயிற்சி, எல்லாம். கணக்கில் வராத வேலைதான் மாலையில் நடக்கிறது. பட்டியலைப் பார்த்து மேனேஜர்கள் திகைப்பது சகஜம். அடுத்து ஒரு வரம்பு வையுங்கள், ஒரு நேரத்தில் இத்தனைதான் நடப்பில் இருக்கும் என்று. வாரத் திட்டத்தில் ஆளின் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். மீதி 20 தானாக நிரம்பிக்கொள்ளும், கவலை வேண்டாம்.

வரம்பு இருக்கும்போது புது வேலை வந்தால் உரையாடல் இப்படிப் போக வேண்டும்:

"இது வியாழனுக்குள் வேணும்."
"சரி சார். கையில இந்த நாலு இருக்கு. எதைப் பின்னாடி தள்ளலாம்?"
"எதையும் தள்ள முடியாதே."
"அப்போ இது அடுத்த செவ்வாய்க்குத்தான் வரும். வியாழனே வேணும்னா இரண்டாவதை நிறுத்தறேன். நீங்க சொல்லுங்க."

இரண்டாவது வரியைச் சொன்னவர் அப்ரைசலில் "ஒத்துழைப்பு போதாது" என்று குறி வாங்கினால், இப்படி இன்னோர் உரையாடல் நடக்கவே நடக்காது. அவரைக் காப்பது உங்கள் வேலை.

நேரத்தை நீட்டினால் கூடுதலாகக் கிடைக்குமே என்பவருக்கும் பதில் இருக்கிறது. முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பதிவுகளைப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் 2014-இல் ஆராய்ந்தார். வாரத்துக்குச் சுமார் 49 மணி நேரத்தைத் தாண்டியதும் கூடுதல் நேரத்தால் கிடைத்த உற்பத்தி குறைந்துகொண்டே போனது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேர வாரத்தைவிடப் பெரிதாக அதிகமில்லை. 14 மணி நேரம் கிட்டத்தட்ட வீண். உடம்புக் கணக்கு இன்னும் கடுமையானது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம்.

## அறிகுறி: லீவு கிடக்கிறது, யாரும் எடுப்பதில்லை

எடுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். இரண்டில் ஒன்று நடந்திருக்கும். போன இடத்திலும் போன் வந்திருக்கும், அல்லது திரும்பி வந்த அன்று மலை போலக் குவிந்திருக்கும்.

போன் வருகிறது என்றால் அவருக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு கடவுச்சொல், ஒரு வாடிக்கையாளரின் பழைய சமாச்சாரம், ஓர் எக்செல் கோப்பின் சூட்சுமம். அதை இரண்டாவது ஆளுக்கும் மாற்றுங்கள். லீவுக்கு முன் ஒப்படைப்புக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எது நடப்பில் இருக்கிறது, எதை யார் பார்ப்பார்கள், எது நான் வரும் வரை அப்படியே கிடக்கலாம். மூன்றாவது பத்திதான் முக்கியம், அதை எழுதத்தான் எல்லாருக்கும் தயக்கம். "கிடக்கலாம்" என்று மேனேஜர் பெயரால் எழுதிக் கொடுத்தால் தயக்கம் போய்விடும்.

குவியலுக்கு, ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் 2014-இல் ஊழியர்களுக்கு ஒரு வசதி தந்தது. விரும்புகிறவர் லீவில் இருக்கும்போது வரும் மின்னஞ்சல் தானாகவே அழிந்துவிடும். அனுப்பியவருக்கு அந்த விவரமும், அவசரம் என்றால் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயரும் போகும். அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லையென்றால், திரும்பி வரும் முதல் நாள் காலண்டரை மீட்டிங் இல்லாமல் பூட்டிவிடுங்கள்.

"எங்களிடம் லீவுக்கு எல்லையே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்ற ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. எவ்வளவு எடுத்தால் கண்ணில் குத்தாது என்று தெரியாமல் ஆள் குறைத்தே எடுப்பார். மேல் எல்லையை எடுத்தவர்கள் கீழ் எல்லை ஒன்றை வைக்கட்டும். ஆண்டில் இத்தனை நாள் கட்டாயம், அதில் ஒரு வாரமாவது தொடர்ச்சியாக.

## அறிகுறி: பகல் முழுக்க மீட்டிங், சொந்த வேலை மாலையில்

காலண்டரைத் திறந்து, ஒன்றரை மணி நேரம் தொடர்ச்சியாகக் காலியான இடம் வாரத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். சோஃபி லெராய் 2009-இல் எழுதிய ஆய்வு, ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று காட்டியது. இடையில் அரை மணி கிடைத்தாலும் அது அரை மணியாக இருப்பதில்லை. வாரத்தில் இரண்டு முற்பகல்களை டீம் முழுவதற்கும் மீட்டிங் இல்லாததாக்குங்கள். தகவல் சொல்ல மட்டும் கூடும் கூட்டங்களை ஒரு பத்தி எழுத்தாக மாற்றுங்கள். இதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை.

## அறிகுறி: "அவருக்கு மட்டும் ஏன்?" என்ற முணுமுணுப்பு

குழந்தை இருப்பவர் ஐந்துக்குக் கிளம்புகிறார், இல்லாதவர் அவருடைய மிச்ச வேலையையும் தூக்குகிறார். நெகிழ்வான நேரம் என்று எழுத்தில் எல்லாருக்கும் இருக்கிறது, நடைமுறையில் "நல்ல காரணம்" உள்ளவருக்கே கிடைக்கிறது. காரணம் கேட்பதை நிறுத்துவதுதான் தீர்வு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும், மாலை வகுப்புக்குப் போவதும், சும்மா வீட்டில் இருப்பதும் ஒன்றாகவே கணக்கிடப்பட வேண்டும். கேட்க வேண்டியது, எந்த நேரத்தில் யார் கிடைப்பார்கள், இடைவெளியை யார் நிரப்புவார்கள், அது சுழற்சியில் வருகிறதா என்பதை மட்டும்.

பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்ற ஆலோசனை நிறுவனத்தில் ஹார்வர்ட் பேராசிரியர் லெஸ்லி பெர்லோ நடத்திப் பார்த்த ஏற்பாடு ஒன்றில், டீமில் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை கட்டாயமாக வேலையிலிருந்து விடுதலை. விருப்பம் அல்ல, கட்டாயம். எல்லாருக்கும் வருவதால் யாரும் சலுகை வாங்கியவர் ஆவதில்லை. இன்று யாருடைய மாலை என்று முன்கூட்டியே தெரிவதால், டீமே உட்கார்ந்து வேலையை மாற்றிப் பிரிக்கப் பழகுகிறது.

ஊதியம் குறைத்துக்கொண்டு பகுதி நேரத்துக்கு மாறியவரின் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். சம்பளம் அறுபது சதவீதம், வேலை நூறு சதவீதம் என்று இருப்பது அபூர்வமல்ல.

## அறிகுறி: ஷிப்ட், ஆன்-கால் ஆட்கள் எரிந்து போகிறார்கள்

ஷிப்டில் வருபவர்களுக்கும், அழைப்பு வந்தால் எந்நேரமும் எழ வேண்டிய ஆன்-கால் ஆட்களுக்கும் "ஆறு மணிக்குக் கிளம்பு" என்பதெல்லாம் பொருந்தாது. முன்கூட்டியே தெரிவதுதான் இவர்களுக்குச் சமநிலை. அடுத்த வார ஷிப்ட் வெள்ளிக்கிழமை மாலைதான் தெரியும் என்றால், குடும்ப விசேஷம் எதற்கும் ஒப்புக்கொள்ள முடியாது. பட்டியலை இரண்டு மூன்று வாரம் முன்னதாக வெளியிடுங்கள், தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுங்கள். இரு ஷிப்ட்களுக்கு நடுவே இடைவெளியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாகக் குறைந்தது 11 மணி நேர ஓய்வு வேண்டும். உங்கள் நாட்டில் அந்த விதி இல்லாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆன்-காலில் ராத்திரி எழுப்பப்பட்டவர் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வரத் தேவையில்லை என்பதை, அவர் கேட்காமலேயே, எழுத்தில் வையுங்கள். ஒரே காரணத்துக்கு இரண்டாவது முறை அழைப்பு வந்தால் அதைச் சரிசெய்வது அந்த வார வேலைப் பட்டியலில் முதலிடம் பெற வேண்டும்.

## அறிகுறி: யோகா வகுப்பு வைத்தோம், ஒன்றும் மாறவில்லை

மாறாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை விவரித்தபோது, சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று எழுதியது. அதை நோயாகச் சேர்க்கவில்லை, தொழில் சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசந்துபோவது, செய்யும் வேலையில் பலன் குறைவது என்று மூன்று அடையாளங்கள். ஓட்டைப் படகில் இருப்பவருக்கு நீச்சல் சொல்லித் தருவது தப்பில்லை, ஓட்டையை அடைத்துவிட்டுச் சொல்லித் தரலாம். ஏற்கெனவே தூக்கம் கெட்டு, உடம்பு தளர்ந்திருக்கிறவரை மருத்துவரிடம் அனுப்புங்கள், அவருடைய வேலையை அன்றே வேறொருவருக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி: சரிசெய்தோம், மூன்று மாதத்தில் திரும்பிவிட்டது

இடையில் ஒரு நெருக்கடி வந்ததா என்று பாருங்கள். பெரிய டெட்லைனுக்காக "இந்த ஒரு வாரம் மட்டும்" என்று விதிகளைத் தள்ளிவைத்திருப்பீர்கள். திரும்ப எடுத்து வைக்கும் தேதியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விலக்கு தரும்போதே முடியும் தேதியையும் ஈடுவிடுப்பையும் சேர்த்து அறிவியுங்கள்.

அது இல்லையென்றால் கடைசிப் பதவி உயர்வைப் பாருங்கள். யாருக்குக் கிடைத்தது, எதற்காக? ராப்பகலாக ஆன்லைனில் இருந்தவருக்கு என்றால் மற்றவர்கள் பாடம் படித்துவிட்டார்கள். அடுத்த முறை, டீமை ஒழுங்கான நேரத்தில் வைத்து வேலையை முடித்தவர் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

## பழுது உங்களுக்கு மேலே இருந்தால்

நடுவில் இருக்கும் மேனேஜருக்கு இது சங்கடம். மேலிருந்து தேதி வருகிறது, கேட்காமல் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கொள்கை பேசினால் எடுபடாது, எண்களோடு போங்கள். கையில் இருக்கும் வேலை எத்தனை, வாரம் முடிவது எத்தனை, புதிதாக வந்தது எத்தனை. ஒருவர் வேலையை விட்டால் மாற்று ஆள் தேடிப் பழக்க எத்தனை மாதம் போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு மின்னஞ்சலில் ஒரே கேள்வி: "புதிதாக வந்த இந்த வேலைக்கு, இருப்பதில் எதைத் தள்ளிவைக்கட்டும்?" ஏதாவது ஒன்றைச் சொன்னால் அன்றே தள்ளிவையுங்கள். "எதையும் தள்ளாதே" என்று பதில் வந்தால், அதைக் கூடுதல் ஆள் கேட்கும் கோரிக்கையோடு முதல் இணைப்பாக வைத்து அனுப்புங்கள்.